இரவல் லென்ஸ்

கோலார் தங்கவயலின் ஊரிகம் லைன் வீடுகளில் ஞானசுந்தரியின் முகத்தைத் தெரியாதவர்கள் உண்டு. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். எந்த ஷாஃப்டில் யார் ரிசீவரை எடுத்தாலும் முதலில் காதில் விழுவது அவளுடைய "எந்த நம்பருங்க?" என்பதுதான். பூமிக்கடியில் வேர்வையும் கல்தூசியுமாக நிற்கிற ஆளுக்கு அந்தக் குரல் ஒரு டம்ளர் மோர் குடித்தாற்போல இருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

குரலை வைத்து ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொண்டவர்கள், கூட்டுறவுக் கடையிலோ சர்ச் வாசலிலோ அவளை நேரில் பார்க்கும்போது கொஞ்சம் தடுமாறிப் போவார்கள். புட்டியின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் இரண்டு கண்கள். "நீங்களா ஆபரேட்டரு?" என்று கேட்பார்கள். கேட்கிற அந்த நொடியில் அவர்கள் முகத்தில் ஒரு விளக்கின் திரி இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஞானசுந்தரிக்குப் பழகிப்போயிருந்தது. பழகிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா பாக்கியவதி, அவள், வின்னி என்று மூன்று பேர். வின்னி சித்தி மகள். சித்தியும் சித்தப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் பாக்கியவதிதான் அவளையும் அவள் அண்ணனையும் கொண்டுவந்து வளர்த்தாள். அந்த அண்ணன் ஹரோல்ட் பிறகு பெங்களூரில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டராக வேலை தேடிக்கொண்டான். வின்னிக்கும் கண் அப்படித்தான். குடும்ப வாகு. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் சேர்த்து 'சோடாபுட்டி சிஸ்டர்ஸ்' என்று கூப்பிட்டார்கள். தெருவில் போகும்போது யாராவது சிரித்தால் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நடையை எட்டிப் போடுவார்கள். வின்னி தன்னைவிட ஐந்து வயது சின்னவள், தன்னைவிடச் சிவப்பு, தன்னைவிடச் சிரித்த முகம். இதெல்லாம் ஞானசுந்தரிக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தத் தடித்த கண்ணாடி எல்லாவற்றையும் சமமாக்கி வைத்திருந்தது. அந்தச் சமத்தின் மேல்தான் தன் நிம்மதி உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஹரோல்ட் தங்கையை ஒரு வாரம் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வருகிற நாளில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு ஞானசுந்தரி போயிருந்தாள். பஸ்ஸிலிருந்து மஞ்சள் புடவை கட்டின ஒரு பெண் இறங்கினாள். ஞானசுந்தரி அவளைத் தாண்டி, பின்னால் வின்னி வருகிறாளா என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, என்னைத் தாண்டி யாரைத் தேடுறே?"

மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. பெரிய, ஈரமான, சிரிக்கிற கண்கள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு இப்படி ஒரு கண் இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"கான்டாக்ட் லென்ஸுக்கா. கண்ணுக்குள்ளயே வெச்சிக்கிறது. அண்ணன் வாங்கிக் குடுத்தான்."

"அழகா கீதுடி" என்றாள் ஞானசுந்தரி. ஹரோல்டுக்கும் சேர்த்துச் சோறு போட்டது அவள் சம்பளம். அவனுக்குத் தன் தங்கை மட்டும்தான் நினைவுக்கு வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வின்னி வீட்டில் ஒரு பாடமே நடத்தினாள். வட்டமான சின்ன டப்பி, அதில் இடது வலது என்று இரண்டு குழி, பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் சொல்யூஷன். நகத்தளவு கண்ணாடிச் சில்லு போல இரண்டு லென்ஸ். பாக்கியவதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கர்த்தரே, இதைக் கண்ணுக்குள்ளயா போடுறாங்க?"

"பயப்படாதீங்க பெரியம்மா. சோப்பு போட்டுக் கை கழுவணும். எடுத்தவுடனே இந்த மருந்துல அலசணும். டப்பியில தினமும் புது மருந்து ஊத்தணும். தூங்கறதுக்கு முன்னாடி கழட்டிடணும். பச்சைத் தண்ணி கூடாது, எச்சில் கூடவே கூடாது. கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

முதல் மாசம் அப்படியே செய்தாள். பிறகு பாட்டில் தீர்ந்தது. அந்த மருந்து பெங்களூரில்தான் கிடைக்கும். ஹரோல்ட் அடுத்த தடவை வரும்போது கொண்டுவருவான் என்று குடத்துத் தண்ணீரை டப்பியில் ஊற்றினாள். அதையும் தினம் மாற்றவில்லை. கோலாரில் காற்றடித்தால் சும்மாவா அடிக்கும்? தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டிலிருந்து மாவு போலத் தூசியை வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் புகுந்தால் போதும், வின்னி துடித்துப் போவாள். நடுத்தெருவில் நின்று லென்ஸை உள்ளங்கையில் எடுப்பாள். நாக்கில் ஒரு தடவு தடவுவாள். மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல நடப்பாள். மத்தியானம் புத்தகம் படித்தபடியே லென்ஸோடு தூங்கிவிடுவாள்.

இதெல்லாம் பாக்கியவதி கண்ணில் படவில்லை. ஞானசுந்தரி கண்ணில் ஒன்றுவிடாமல் பட்டது. பொறாமைக்காரியின் பார்வைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. வின்னி முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறாள், மை எந்த ஓரத்தில் இழுக்கிறாள், யார் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதோடு இதையும் சேர்த்துக் கவனித்தாள். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"எச்சில் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"உனக்கு இன்னா தெரியும்க்கா? நீ போட்டுப் பாத்திருக்கியா?"

வின்னி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஞானசுந்தரி அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 'எப்படியோ போ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சுந்தரராஜ் வந்தான். வந்தான் என்றால் முதலில் குரலாகத்தான். மாரிக்குப்பம் பக்கத்து ஷாஃப்டில் அவன் வைண்டர். ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டைப் பாதாளத்துக்கு இறக்குவதும் மேலே இழுப்பதும் அவன் கையில். ஷிஃப்ட் தொடங்குமுன் லைன் சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

"ஆபரேட்டரம்மா, கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்க."

"உங்க குரலைக் கேட்டுட்டு லீவரைப் புடிச்சா, ஷிஃப்ட் ஒரு கலாட்டா இல்லாம போவுது. நெசமாத்தான் சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, சில நாள் பாட்டு கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை. அவன் ஒன்றும் வாக்குக் கொடுத்துவிடவில்லை. ஆனால் அவன் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் ஞானசுந்தரி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். டெலிபோனில் புடவை தெரியாதென்று அவளுக்குத் தெரியும்.

அறுப்பின் பண்டிகை அன்று சர்ச் மைதானத்தில் ஏலம். வாழைத்தார், பூசணி, கோழி, யாரோ சுட்டுக்கொண்டு வந்த கேக். குரலுக்காக ஏலம் கூறுகிற வேலையை ஞானசுந்தரியிடம் கொடுத்திருந்தார்கள். வின்னி பக்கத்தில் நின்று சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். "வாழைத்தார் ஒரு தரம்..." என்று அவள் ஆரம்பித்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நெற்றியில் முடி விழுந்த, நெடுநெடுவென்ற ஆள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். குரல் வந்த திசையில் இரண்டு பெண்கள். அவன் பார்வை இங்கே ஒரு கணம் தங்கி, அங்கே போய் நின்றுவிட்டது.

"நீங்கதானே ஆபரேட்டரம்மா?" என்று வின்னியைப் பார்த்துக் கேட்டான். சுந்தரராஜின் குரல்.

வின்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் இல்லீங்க. எங்கக்கா."

அவன் திரும்பினான். அந்த விளக்கு இறங்குவதை ஞானசுந்தரி பார்த்தாள். மரியாதையான ஆள்தான். கைகூப்பினான், குரலைப் புகழ்ந்தான், வாழைத்தாரைக்கூட எடுத்துக்கொண்டான். ஆனால் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளை அல்ல.

பத்துப் பதினைந்து நாளில் அவன் அம்மா பெண் கேட்டு வந்தாள். பாக்கியவதி பூரித்துப்போய், மூத்தவள் இருக்கும்போது சின்னவளுக்கா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டாள். நிச்சயத்தன்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது ஞானசுந்தரி. கல்யாணம் ஜனவரியில் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து போன் வரும்போது "ஆபரேட்டரம்மா" போய் "அண்ணி" ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை அந்த வார்த்தை காதில் விழும்போதும் அவளுக்கு ஹெட்போனைக் கழற்றி எறியத் தோன்றும்.

டிசம்பரில் ஒரு மத்தியானம். பாக்கியவதி ஆண்டர்சன்பேட்டைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். வின்னி கல்யாண ஜாக்கெட் அளவு கொடுக்கத் தையற்காரரிடம் போயிருந்தாள். காலையிலிருந்தே கண் உறுத்துகிறது என்று லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் பாதி மறைத்துக்கொண்டு போனாள். டப்பி பின்கட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே மாடத்தில் இருந்தது.

ஞானசுந்தரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். டப்பியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் வழுவழுவென்றிருந்தது. 'இதைக் கழுவக்கூட உடம்பு வணங்காதவளுக்கு இது' என்று நினைத்தாள். தன்னுடையதாக இருந்தால் எப்படி வைத்துக்கொண்டிருப்பாள்! இடது குழியில் இருந்ததை எடுத்து, வின்னி செய்கிற மாதிரியே நாக்கில் வைத்தெடுத்து, இமையை விரித்துக் கண்ணில் வைத்தாள். மிளகாய் பட்டாற்போல எரிந்தது. கண்ணீர் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தணிந்ததும், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே ஒருத்தி நின்றாள்.

கிட்டப்பார்வைக்காரிக்கு ஒரு விசித்திரம் உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் தன் முகமே தனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டால் தெரிவது கண்ணாடி போட்ட முகம். இருபத்தொன்பது வயது வரைக்கும் ஞானசுந்தரி தன் வெறும் முகத்தைக் கண்டதில்லை. இப்போது கண்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு. அதற்கு மேலே நீளமான, கனத்த இமையுள்ள, கறுத்த கண். புளியங்கொட்டை இல்லை. வின்னியுடையதைவிடப் பெரியது. அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். 'இதை அவன் பார்க்கவே இல்லையே. அன்னைக்கு நான் இப்படி நின்னிருந்தா?'

அப்போது தரை குலுங்கியது. சுரங்கத்தில் எங்கோ ராக் பர்ஸ்ட், பாறை வெடிப்பு. பாத்திரங்கள் கலகலவென்று ஆடின. லைன் முழுக்க ஆட்கள் வெளியே ஓடிவந்து "எந்த ஷாஃப்டு? எந்த ஷாஃப்டு?" என்று கத்துவது கேட்டது. யாராவது வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். ஞானசுந்தரி அவசரமாக லென்ஸை எடுக்கப் பார்த்தாள். வின்னி அதை ஒரு சிமிட்டலில் எடுப்பாள். அந்த வித்தை இவளுக்குத் தெரியாது. நகத்தால் நெம்பினாள். சுரீரென்று ஒரு வலி. லென்ஸ் தெறித்துக் கீழே விழுந்தது. மண்டியிட்டு, ஒன்றும் தெரியாமல், சலதாரை ஓரம் ஈரத்தில் விரலால் தடவித் தடவித் தேடினாள். கிடைத்தது. பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் முக்கி, டப்பியில் போட்டு மூடி, தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது பாக்கியவதி கூடையோடு நுழைந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியாம். இன்னாடி, கண்ணு இப்படிச் செவந்து கீது?"

"வெங்காயம்மா."

மறுநாள் வின்னி லென்ஸைப் போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். ஞானசுந்தரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது தரையில் விழுந்தது, கழுவிப் போடு என்று சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் எப்படி விழுந்தது என்று கேட்பாள். சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் இரண்டு பேருக்கும் கண் சிவந்தது. இரண்டு பேருக்கும் இடது கண். மெட்ராஸ் ஐ என்று தீர்மானித்த பாக்கியவதி, பக்கத்து வீட்டுப் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி இரண்டு பேர் கண்ணிலும் விட்டாள். ஞானசுந்தரி ஒரு கண்ணை மூடிக்கொண்டே எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். போர்டில் விளக்கு எரியும்போதெல்லாம் ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. சுந்தரராஜ் கூப்பிட்டான்.

"அண்ணி, வின்னிக்குக் கண்ணு நோவுதாமே. இப்போ எப்படி கீது? தூங்கிச்சா? சாப்பிட்டுச்சா?"

உனக்கு எப்படி என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கும் கண் வலி என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? இருந்தாலும் அவள் போர்டிலிருந்து இணைப்புக் கயிற்றை உருவிவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது "லைன் கட்டாயிடுச்சுங்க" என்றாள்.

வின்னிக்கு வலி ஏறிக்கொண்டே போயிற்று. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினாள். ஒரு காலையில் பாக்கியவதி அவள் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு அலறினாள். கருவிழியின் நடுவில், உளுந்து அளவுக்கு, வெள்ளையாக ஒரு பொட்டு. சுரங்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு நிமிஷம்கூட வெச்சிக்காதீங்க. வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். ஹரோல்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பங்காருப்பேட்டையில் அவனும் சேர்ந்துகொள்ள, வண்டி மாறி வேலூருக்குப் போனார்கள். வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு போனது ஞானசுந்தரி. தன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எதுவும் கிடையாது. தனக்கு மெட்ராஸ் ஐதான் என்று சொல்லிக் கைக்குட்டையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

வேலூரில் கண் டாக்டர் ஒரு நடுவயசு அம்மாள். கருவிழியில் புண் என்றார். பிறகு லென்ஸ் டப்பியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டு வாங்கி, திறந்து, மூக்கருகே கொண்டுபோய், ஹரோல்டிடம் நீட்டினார். ஹரோல்ட் முகத்தைச் சுளித்தான்.

"குட்டைத் தண்ணி மாதிரி இருக்கு பாருங்க. இதுல ஊறினதைத்தான் தினமும் கண்ணுல வெச்சிருக்காங்க. வேற யாராவது இந்த லென்ஸைப் போட்டாங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். வேற யாரு போடப் போறாங்க?" என்றாள் வின்னி.

டாக்டரின் பார்வை, வாசலோரம் கைக்குட்டையோடு நின்றவள் மேல் போயிற்று. "நீங்க கொஞ்சம் இப்படி உக்காருங்க."

ஞானசுந்தரி உட்கார்ந்தாள். கண் பார்க்கும் யந்திரத்தின் வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியது. டாக்டர் வெகு நேரம் பார்த்தார். "கருவிழி ஓரத்துல ஒரு கீறல். நகம் பட்ட மாதிரி. அதுல சின்னதா ஒரு புண்ணு ஆரம்பிச்சிருக்கு." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்களும் லென்ஸ் போடுவீங்களா?"

முகவாய்க்கட்டையை யந்திரத்தில் வைத்தபடியே ஞானசுந்தரி இருந்தாள். அதிலிருந்து முகத்தை எடுத்தால் வின்னியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"ஒரே ஒரு தடவை" என்றாள்.

இரண்டு பேரையும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து சொட்டு மருந்து விடுவாள். வின்னிக்குக் கண்ணிலேயே ஊசி போட்டார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஞானசுந்தரி கை நீட்டினாள். வின்னி கையைத் தள்ளிவிட்டாள். மறுநாள் கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். அதான் கேக்கல, இல்ல?"

"ஆமாம்."

"கீழ விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"பாத்துகினே இருந்தே. நான் போட்டுக்கிறதைப் பாத்துகினே இருந்தே."

ஞானசுந்தரி கட்டிலிலிருந்து எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்து நடந்ததெல்லாம் சொன்னாள். "என்னாலதானா டாக்டர்? நெசத்தைச் சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? அவங்க ரொம்ப நாளாவே எச்சிலும் பச்சைத் தண்ணியும்தான். லென்ஸோட தூங்கியிருக்காங்க. நீங்க போடறதுக்கு முன்னாடியே கண்ணு உறுத்தியிருக்கு. அந்த டப்பியில இருந்த கிருமிதான் உங்களுக்கே வந்திருக்கு. அப்புறம் அது சாக்கடை ஓரத்துல விழுந்திருக்கு. எதுன்னு பிரிச்செடுக்க முடியாது." போகத் திரும்பியவர் நின்றார். "உறுத்தின அன்னைக்கே கழட்டிட்டு வந்திருந்தா, தழும்பே இருந்திருக்காது. அது மட்டும் நிச்சயமாச் சொல்வேன்."

ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இல்லை என்றிருந்தால் தூங்கியிருக்கலாம். இரண்டும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜ் வந்தான், ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக. கூடவே அவன் அம்மா. வின்னியின் கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் மகனை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் என்னவோ முணுமுணுத்தாள். அவன் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"இன்னாம்மா பேசுறே? கண்ணுக்காகவா கட்டிக்கிறேன்? அது கண்ணாடி போட்டுகினு வந்தாலும், ஒரு கண்ணோட வந்தாலும் அதைத்தான் கட்டுவேன். ஜனவரி இல்லாட்டி ஈஸ்டருக்கு அப்பாலே."

வின்னி கட்டுக்குள்ளிருந்து அழுதாள். நர்ஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார்டே அவனைப் பார்த்தது. அடுத்த கட்டிலில் ஞானசுந்தரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணுக்காக இல்லையாம். அப்படியானால் அன்று மைதானத்தில் அவன் பார்வை எதற்காக அங்கே போய் நின்றது? கண்ணாடிதான் காரணம் என்று இத்தனை நாள் ஒரு சமாதானம் இருந்தது. போகிற போக்கில் அதையும் அவன் பிடுங்கிக்கொண்டான். கண் இல்லாமலே அவள் வேண்டும் என்றால், கண் இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? மருந்து எரிச்சலைவிட அது அதிகமாக எரிந்தது. இத்தனை நடந்த பிறகும் இதை நினைக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. நினைப்பு நிற்கவில்லை.

ஞானசுந்தரியின் புண் சீக்கிரம் ஆறியது. ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வடு. வின்னியின் புண்ணும் ஆறியது. ஆனால் கருவிழி நடுவில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் கையசைப்புத் தெரியும், ஆள் தெரியாது. ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. வின்னி பழைய கண்ணாடியோடுதான் சர்ச்சுக்குள் நடந்து போனாள். சுந்தரராஜ் அவள் இடதுபக்கமாக நின்று, படி வரும்போதெல்லாம் முழங்கையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். ஞானசுந்தரி பாடகர் வரிசையில் நின்று பாடினாள். குரல் பிசகவில்லை.

வின்னி அவளோடு பேசாமல் இருந்தது வெகு காலம். ஹரோல்டும் முகம் கொடுக்கவில்லை. பாக்கியவதிதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். முதல் பிரசவத்துக்கு வின்னி பெரியம்மா வீட்டுக்கே வரவேண்டியிருந்தது. ஒருநாள் வெந்நீர் வைத்துக்கொடுத்த ஞானசுந்தரியிடம், "சூடு சரியாக் கீதுக்கா" என்றாள். அதிலிருந்து மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பழைய பேச்சு இல்லை. தேவைக்கு வந்த பேச்சு.

எழுபத்தைந்தில் ஞானசுந்தரி தனியாகப் பஸ் ஏறி வேலூருக்குப் போனாள். அதே டாக்டர் வடுவைப் பார்த்தார், அளவெடுத்தார், ரொம்ப யோசித்தார். "உங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தாலும் சொல்றேன்" என்று ஆரம்பித்துச் சொன்னார். ஞானசுந்தரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். லென்ஸை பெங்களூரில் வாங்கிக்கொண்டாள். கூடவே சொல்யூஷன் ஒன்றுக்கு நாலு பாட்டில்.

முப்பத்துமூன்று வயதில், கல்யாணமாகாத ஒருத்திக்கு இது எதற்கு என்று லைனில் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். சோப்பு போட்டுக் கழுவின கையைத் துண்டில்கூடத் துடைக்காமல் உதறிக் காயவைத்தாள். டப்பியைத் தினமும் கவிழ்த்து உலர்த்தினாள். காற்றடிக்கிற நாளில் லென்ஸே போடவில்லை. கண்ணில் ஒரு சின்ன உறுத்தல் என்றால் அன்றைக்குக் கண்ணாடிதான். எக்ஸ்சேஞ்சில் புதிதாக வந்த ராஜப்பா என்ற சூப்பர்வைசர் ஒருநாள் அவளைப் பார்த்து, "மேடம், உங்க குரலுக்குப் பொருத்தமான முகம்" என்றார். விளக்கு இறங்காத முகம் ஒன்றை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அவர் பிள்ளைகுட்டிக்காரர், சும்மா சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

வின்னியின் இரண்டாவது குழந்தைக்கு ஞானஸ்நானம். மாரிக்குப்பத்து வீட்டில் விருந்து. ஞானசுந்தரி லென்ஸோடு போனாள். வந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரராஜ்கூட, "அடையாளமே தெரியலையே அண்ணி" என்று சிரித்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த வின்னி சிரிக்கவில்லை. அவளுக்கு இனி லென்ஸ் கிடையாது. தழும்பு விழுந்த கண்ணிலும் கூடாது, இருக்கிற ஒரே நல்ல கண்ணையும் பணயம் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூட்டம் கலைந்தபின், சாயங்காலம், கண் களைத்துப்போய் ஞானசுந்தரி பின்கட்டுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டாள். லென்ஸைக் கழற்றி, உள்ளங்கையில் மருந்து விட்டு அலசும்போது நிலைப்படியில் வின்னி நிற்பது தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நிற்பு தெரிந்தது. கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இடுப்பில் குழந்தையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவையும் தின்றுவிடுகிற மாதிரி ஒரு நிற்பு. அது எப்படிப்பட்டதென்று ஞானசுந்தரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஒரு இனிப்பு நெஞ்சில் ஊறியது. பொய் சொல்லக்கூடாது, ஊறத்தான் செய்தது. அவள் வேண்டுமென்றே மெதுவாக அலசினாள். பிறகு அந்த இனிப்பு எங்கேயோ போய் அடைத்துக்கொண்டது.

"எவ்ளோ மெல்லிசா கீதுக்கா" என்றாள் வின்னி. "நான் வெச்சிருந்தது இவ்ளோ மெல்லிசா இல்ல. ஒரு தடவை கையில குடேன். கண்ணுல வெக்க மாட்டேன்."

"கையைக் கழுவிகினு வா. சோப்பு போட்டு."

வின்னி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி உள்ளே தொட்டிலில் விட்டுவிட்டு, தொட்டியருகே போய், விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். ஈரக்கையை உதறிக்கொண்டு வந்து நீட்டினாள். ஞானசுந்தரி இரண்டில் ஒன்றை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். வின்னி அதை நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஞானசுந்தரி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போதும் குடு என்று இரண்டு தடவை சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் வின்னி தானாகவே திருப்பிக் கொடுத்தாள். ஞானசுந்தரி அதை வாங்கி, அவள் எதிரிலேயே மறுபடி மருந்து ஊற்றி அலசி, டப்பியில் போட்டு மூடினாள். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. வின்னி அதைத் தூக்கப் போனாள்.